நாற்பது பேரைத் தேடிய நர்ஸம்மா

கல்யாண வீடானாலும் சரி, கருமாதி வீடானாலும் சரி, நர்ஸம்மா உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகத் தலைகளை எண்ணுவார். விரலை நீட்டி எண்ணுகிற வழக்கமில்லை. கண்ணாலேயே ஒரு சுற்று, அவ்வளவுதான். பிறகு யாரும் கேட்காமலே, இன்னார் வரவில்லை, இன்னார் வீட்டில் ஒருத்தர்கூட வரவில்லை என்று உரக்கச் சொல்வார். மாப்பிள்ளை எப்படி, சாப்பாடு எப்படி என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். வந்தவர்களைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் உலகத்தில் உண்டு. வராதவர்களையே பார்த்துக்கொண்டிருந்த ஒரே மனுஷி எனக்குத் தெரிந்து அவர்தான்.

திருவொற்றியூரில் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த எங்கள் ஏழு தெருக்களுக்கும் அவர்தான் பிரசவம் பார்த்தார். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம் அது. அவருக்குப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் இருந்தது. எங்கள் தெருச் சங்கத்து மெம்பர் புத்தகத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் தெருவில் ஒரு குஞ்சுக்கும் தெரியாது. ஆகவே இங்கேயும் நர்ஸம்மா என்றே இருக்கட்டும்.

கறுப்பு, நல்ல உயரம். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலை, காலில் ஆம்பிளைகள் போடுகிற தோல் செருப்பு. கையில் எப்போதும் ஒரு பெரிய கறுப்புக் குடை. அதை விரித்து நான் பார்த்தது குறைவு. கதவு தட்டுவதற்கென்றே வைத்திருந்தார். கட்டினவர் பினாங்குக்குக் கப்பலேறிப் போனார், திரும்பி வரவில்லை என்று சொல்வார்கள். அதனால்தான் வராதவர்கள் மேல் அவருக்கு அத்தனை கோபம் என்பது என் மனைவியின் கட்சி. நான் நர்ஸம்மாவிடம் கேட்டதில்லை. கேட்கிற தைரியம் எனக்கு மட்டுமல்ல, ஊரில் எவனுக்கும் கிடையாது.

குழந்தை பிறந்ததும் பாட்டியிடம் கொடுப்பார், அத்தையிடம் கொடுப்பார், எதிர்வீட்டுக்காரியிடம்கூடக் கொடுப்பார். அப்பனுக்கு மட்டும் ஒரு நிபந்தனை. அவனே வந்து வாசற்படியில் நிற்க வேண்டும், முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அதற்கப்புறம்தான் பிள்ளை. துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டும் ஒருவர், மகன் பிறந்த சேதி கேட்டும், சாயங்காலம் ஷிப்டு முடிந்து வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியனுப்பினார். நர்ஸம்மா பதிலுக்குச் சொல்லியனுப்பியது, அப்படியானால் பிள்ளையும் சாயங்காலம் ஷிப்டு முடிந்துதான் அப்பன் முகத்தைப் பார்க்கும் என்று. மனுஷர் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு, சைக்கிளில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். நான் என்ன ஒழுங்கா? என் மகன் பிறந்த வேளையில் முடிவெட்டிக்கொண்டிருந்தேன். பாதி வெட்டிய தலையோடு ஓடிவந்து நின்றவனை அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"அவன் வந்துட்டான் நைனா. நீதான் லேட்டு" என்றார்.

நர்ஸம்மா பிரசவம் பார்த்த அறை எங்கள் சங்கத்துக்குச் சொந்தமானது. தெருக்காரர்கள் கூடி யுத்தத்துக்கு முன்னால் ஆரம்பித்த சங்கம். ஓட்டுக் கட்டடம். முன்னால் ஒரு கூடம், அதில் நாலு பெஞ்சு, பத்திரிகை போட ஒரு மேசை, ஒரு சுவர்க் கடிகாரம். பின்கட்டில் இரண்டு கட்டில் போட்ட அறை, அறைக்கு வெளியே தாழ்வாரம். அந்த அறை இல்லையென்றால் பிள்ளைத்தாச்சியை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு ராயபுரம் ஓட வேண்டும். வழியில் ரயில்வே கேட். கூட்ஸ் வண்டி ஒன்று நின்றுவிட்டால் அங்கேயே ஜட்காவில் பிரசவம்தான். அப்படிக் கேட்டருகே பிறந்தவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் உண்டு. நாலாவது பிரசவத்தில் தாயே பிழைக்கவில்லை. அது நடந்த பிறகுதான் அறை வந்தது, நர்ஸம்மாவும் வந்தார்.

சங்கத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. மெம்பர்களும் அவர்கள் குடும்பமும் மட்டும்தான் அறையைப் பயன்படுத்தலாம். நர்ஸம்மா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். புருஷன் கப்பலில் போனவள், புருஷன் சந்தா கட்டாதவள், புருஷனே இல்லாதவள், யார் வந்தாலும் அவளையே மெம்பராக்கிவிடுவார். மாதாமாதம் ஒரு சீட்டில் பெயர்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார். கௌரவக் காரியதரிசி நான். புத்தகத்தில் எழுதுவேன். தலைவர் பக்கத்துக்குப் பக்கம் கீழே கையெழுத்துப் போடுவார். அதோடு அந்தப் பெயர்களை அவரும் மறந்துவிடுவார், நானும் மறந்துவிடுவேன்.

இனி எங்கள் வருஷாந்தரக் கூட்டத்தின் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். கூட்டம் செல்லுபடியாக நாற்பது மெம்பர்கள் கையெழுத்திட வேண்டும். கோரம் என்பார்கள். குறித்த நேரத்திலிருந்து அரைமணிக்குள் நாற்பது சேரவில்லையென்றால் கூட்டம் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போகும். தள்ளிவைத்த கூட்டத்துக்குக் கோரம் வேண்டாம். ஏழு பேர் வந்தாலும் கூட்டம்தான், மூன்று பேர் வந்தாலும் கூட்டம்தான். எந்த மகானுபாவர் இந்த விதியை எழுதினாரோ தெரியாது, எங்கள் தலைவருக்கு அது வெல்லமாக இருந்தது.

தலைவர் வண்டிப்பேட்டை முதலாளி. மாட்டுவண்டிகள் போதாதென்று இரண்டு லாரியும் வைத்திருந்தார். ஒவ்வொரு வருஷமும் மாசித் திருவிழா சமயமாகப் பார்த்து ஒரு ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கூட்டம் வைப்பார். ஊரே கோயிலிலும் கடற்கரையிலும் இருக்கும். நாலரை மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு, ஜனங்களுக்குப் பொறுப்பில்லையே என்று வருத்தப்படுவார். அடுத்த ஞாயிறு நிர்வாகக் கமிட்டி மட்டும் கூடி, காப்பி சாப்பிட்டு, தன்னையே மறுபடி தேர்ந்தெடுத்துக்கொள்ளும். 'ஏகமனதாக' என்று நான் மினிட் புத்தகத்தில் எழுதுவேன். அந்த வார்த்தையை அவ்வளவு அழகாக எழுத எங்கள் வட்டாரத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது.

தலைகளை எண்ணுகிற நர்ஸம்மாவுக்கு இது எப்படிப் பொறுக்கும்? வருஷா வருஷம் கூட்டத்துக்கு முந்தின வாரம் குடையை எடுத்துக்கொண்டு ஏழு தெருவும் சுற்றுவார். குடைக் கைப்பிடியால் கதவில் மூன்று தட்டு. வீட்டுக்காரர் வெளியே வருவார். வந்து ஒரு சாக்குச் சொல்வார். முதுகு வலி, மச்சான் வருகிறான், கடையை யார் பார்ப்பார்கள், நான் வந்துதானா சங்கம் நடக்கப்போகிறது. தோல் கிடங்கு வைத்திருந்த பாய் நல்ல மனிதர், அவரே ஒருதரம் கூட்டத்தில் தனக்குப் பேசத் தெரியாது என்று நழுவப் பார்த்தார். நர்ஸம்மா விடவில்லை.

"மூணு புள்ளைக்கும் மூணு தபா வாசல்ல நாள் பூரா நின்னுகினு இருந்தியே பாய். உள்ள வந்து அரைமணி குந்திகினு இருக்க முடியாதா?"

பாய் வந்தார். எல்லாரும் பாய் ஆகிவிட முடியுமா? நர்ஸம்மா எவ்வளவு அலைந்தும் அதிகபட்சம் சேர்ந்தது இருபத்தெட்டு. கூட்டம் தள்ளிப்போன பிறகு தெருவில் யாராவது சங்கத்தைப் பற்றிக் குறை சொன்னால் மட்டும் நர்ஸம்மா அங்கேயே நிறுத்திவிடுவார். வராதவனுக்கு வாய் கிடையாது என்பார். எனக்குத் தெரிந்து இரண்டு பேர் அந்த ஒரு வார்த்தைக்காக அவரோடு பேச்சையே விட்டுவிட்டார்கள்.

அந்த வருஷம் நோட்டீஸில் புதிதாக ஒரு தீர்மானம் இருந்தது. பின்கட்டு அறையைச் சங்கத்துக்கு உகந்த முறையில் பயன்படுத்துவது குறித்து என்று தலைவர் சொன்னார், நான் எழுதினேன். அர்த்தம் எனக்குத் தெரியும். அவருடைய மைத்துனருக்குச் சிமெண்டு மூட்டை அடுக்க இடம் தேவைப்பட்டது. தெரிந்தும் எழுதினேன். தலைவர் சொல்லி நான் மறுத்துப் பழக்கமில்லை. வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் போயிற்று. வழக்கம்போல ஒருவரும் படிக்கவில்லை.

நர்ஸம்மா படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் மேசைக்கு எதிரே நின்றபடியே இரண்டு தரம் படித்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"உம் புள்ள பொறந்த ரூம் நைனா அது" என்று மட்டும் சொன்னார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து, ஆபீஸ் விட்டதும் நானும் அவரோடு தெருத்தெருவாகச் சுற்ற ஆரம்பித்தேன். தலைவர் கூப்பிட்டு, காரியதரிசி வெயிலில் ரொம்ப அலைகிறாரே என்று விசாரித்தார். உடம்புக்கு நல்லது என்று சொல்லிவைத்தேன்.

கூட்ட நாள் வந்தது. இரண்டரை மணிக்கே கூடத்தைத் திறந்து பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஜட்கா ஒன்று வந்து நின்றது. பாக்கியம் என்ற பெண், தலைப்பிரசவம். புருஷன் கொழும்புக் கப்பலில். மாமியாரும் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஐந்து பேரும் கைத்தாங்கலாக அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார்கள். வெளியே கிளம்பத் தயாராக இருந்த நர்ஸம்மா குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. கடைசி நேரத்தில் ஆட்களைப் பிடித்து இழுத்துவர இருந்த ஒரே ஆள் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

ஆனாலும் அவர் பத்து நாள் தட்டிய தட்டு வீண்போகவில்லை. நாலு மணிக்குப் பதினெட்டுப் பேர். நாலு பத்துக்கு இருபத்தைந்து. தோல் கிடங்கு பாய் தன்னோடு மூன்று பேரை அழைத்து வந்தார். வின்ச் ஓட்டுகிறவர் தூக்கம் கலையாத கண்ணோடு வந்தார். மேளச்சத்தம் ஒரு பக்கம் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்க, அதை விட்டுவிட்டு மனிதர்கள் எங்கள் கூடத்துக்கு வந்தார்கள். தலைவர் மட்டும் நிதானமாகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்து டீக்கடையில் அவருடைய ஆட்கள் ஏழு பேர் பீடி பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களும் மெம்பர்கள்தான். உள்ளே வந்தால் கோரம் சேர்ந்துவிடும் என்று வெளியே நிறுத்தியிருந்தார்.

நாலு இருபது. முப்பத்தைந்து கையெழுத்து. அதற்குமேல் வாசலில் ஒரு நிழல்கூட விழவில்லை. நோட்டைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன். தாழ்வாரத்தில் பெண்கள் ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கதவுக்கு வெளியே நின்று, ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள் நர்ஸம்மா என்று கெஞ்சினேன்.

"கைய கழுவிட்டேன். இப்ப நோட்டத் தொடமாட்டேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "எத்தினி பேரு கொறையுது?"

உங்களைச் சேர்த்தாலும் இன்னும் நாலு என்றேன். அழுகிற மாதிரி ஆகிவிட்டது எனக்கு. உள்ளே பாக்கியத்தின் முனகல். நர்ஸம்மா அவளிடம் ஏதோ தணிவாகச் சொன்னார். மறுபடி அவர் என்னிடம் பேசியபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

"வெளிய எத்தினி பேரு குந்திகினு கீறாங்க நைனா?"

"ஆறு பேர்."

"மெம்பர் புஸ்தகத்துல அவங்க பேரெல்லாம் யாரு எழுதுனது?"

"நான்தான்."

"அப்பறம் இன்னாத்துக்கு இங்க நிக்கறே?"

என் தலையில் யாரோ ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. ஆறு பெயரும் என் கையெழுத்திலேயே இருந்தன. வருஷக்கணக்காக ஆம்பிளை பெயருக்கு மட்டும் 'திரு' போட்டு வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பினவன் நான். கோரம் கோரம் என்று மாய்ந்துபோனவனும் நான். பத்தடி தூரத்தில் கோரம் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

நான் சொன்னதும் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஆம்பிளைகள் கூட்டத்துக்குள் எப்படி வருவது என்று ஒருத்தி இழுத்தாள். பாக்கியத்தின் மாமியார்தான் முதலில் எழுந்தவர். என்ன கூட்டம், எதற்குக் கூட்டம் என்று கேட்டார். சிமெண்டு மூட்டையைச் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

கூடத்து வாசற்படியில் ஆறு பெண்களைக் கண்டதும் பெஞ்சுகள் கலகலத்தன. ஒருத்தியின் புருஷன் பாதி எழுந்து, நீ எங்கே வருகிறாய் என்று அதட்டினான்.

"நீ வந்த வழியாத்தான்" என்றாள் அவள்.

தலைவர் எழுந்துவிட்டார். பொம்பிளைகள் எப்படி மெம்பர் ஆனார்கள் என்று என்னைக் கேட்டார். நான் மெம்பர் புத்தகத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். பெயர்களைக் காட்டினேன். பிறகு ஒவ்வொரு பக்கத்தின் கீழும் இருந்த கையெழுத்தைக் காட்டினேன். அவர் கையெழுத்து, சுழித்துச் சுழித்துப் பிரமாதமாக இருந்தது. அவர் பார்த்தார், மறுபடி பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். இரண்டு பெண்கள் கையெழுத்திட்டார்கள், நாலு பேர் கைநாட்டு வைத்தார்கள். நாற்பத்தொன்று. கடிகாரத்தில் நாலு இருபத்தேழு. பாய் எழுந்து நின்று கைதட்டினார். கூட்டத்தில் கைதட்டக் கூடாது என்று நான் சொல்ல வேண்டும். சொல்லவில்லை, நானும் தட்டினேன்.

இனிமேல் ஆளை வெளியே நிறுத்தி என்ன புண்ணியம்? தலைவர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார். டீக்கடை ஏழு பேரும் பீடியை எறிந்துவிட்டு ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து ஓடிவந்து கையெழுத்திட்டார்கள். எங்கள் சங்கக் கூட்டத்துக்கு ஜனங்கள் ஓடி வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். தீர்மானத்தை நான் வாசித்தேன். யாராவது பேச விரும்புகிறீர்களா என்று வழக்கத்துக்காகக் கேட்டேன். ஒருவரும் பேசி எனக்குப் பழக்கமில்லை. மாமியார் பேசினார். யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எம் மருமவ உள்ள கத்திகினு கீறா. உங்க எல்லார் காதுலயும் வுழுது. இந்த ரூம மூடிட்டா அடுத்தவ ரயில்வே கேட்டாண்ட போய் கத்தணும். எம் பொண்ணு அங்கதான் செத்தா."

கேட்டருகே பிழைக்காமல் போனது அவருடைய மகள் என்பது எங்களில் பாதிப் பேருக்கு மறந்தே போயிருந்தது. கையைத் தூக்கச் சொன்னேன். ஆதரவு இருபத்திரண்டு. எதிர்ப்பு இருபத்தாறு. சத்தியமாக மூன்று தரம் எண்ணினேன். நிர்வாகக் கமிட்டித் தேர்தலும் நடந்தது. மாமியார் பெயரைப் பாய் முன்மொழிந்தார், வின்ச் ஓட்டுகிறவர் வழிமொழிந்தார், அந்த அம்மாள் ஜெயித்தார். தலைவரும் ஜெயித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய வண்டிகளில் பிழைக்கிறவர்கள் நிறையப் பேர். ஒரே நாளில் எல்லாம் நடந்துவிடுமா என்ன? ஆனால் 'ஏகமனதாக' என்ற வார்த்தையை அன்று நான் எழுதவில்லை.

ஆட்கள் கலையத் தொடங்கியபோதுதான் நர்ஸம்மா கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். மாமியாரைப் பார்த்துப் பெண் குழந்தை என்றார். பிறகு, வழக்கம்போல, கண்ணால் ஒரு சுற்று. எண்ணி முடித்து என்னைப் பார்த்தார். நாற்பத்தெட்டு என்றேன். ஓட்டு எண்ணிக்கையையும் சொன்னேன். குதிப்பார் என்று நினைத்தேன். பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"பத்து வருசமா அதே வூட்டுக் கதவுங்களத்தான் தட்டிகினு கீறேன் நைனா. வூடு சரிதான். கூப்ட்ட ஆளுதான் தப்பு."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் மைப்புட்டியை மூடினேன். அப்போது பின்கட்டிலிருந்து மெலிசாக ஒரு குரல் கேட்டது.

"நர்ஸக்கா, எம் பேரு எழுதிட்டாங்களா?"

பாக்கியம். அவளும் மெம்பர். கூடத்தில் நடந்ததையெல்லாம் அந்த வலியிலும் கேட்டுக்கொண்டே கிடந்திருக்கிறாள். கூட்டம் முடிந்துவிட்டது, இனிமேல் பெயர் சேர்க்க விதியில் இடமில்லை என்று நான் மெல்லச் சொன்னேன். நர்ஸம்மா எழுந்து என் மேசையிலிருந்த நோட்டைத் தானே எடுத்துக்கொண்டார்.

"நாலு மணிக் கூட்டத்துக்கு ரெண்டரைக்கே வந்து உள்ள கீறா. இன்னிக்கி மொத ஆளு அவதான்" என்றார்.

பேனாவை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். பாக்கியம் ஒரு பக்கம் பிள்ளையை அணைத்தபடி, படுத்த வாக்கிலேயே, எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.